திணை மாறிய சொல்

சென்ற மாதத்தில் ஒரு பிற்பகல் வேளை. கண்டி வாவியின் மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும்படி ஒரு சிறு பந்தி கொடுத்திருந்தேன். பழைய பிரயாண நூல்களின் போக்கைப் பின்பற்றி நானே எழுதிய பந்தி அது. துரை ஒருவர் கண்டியிலிருந்து ஹேவாஹெட்டை மலைப்பக்கமாகப் புறப்படுகிறார்; அவருடைய பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஐம்பது பேர் பின்னால் போகிறார்கள். அந்த ஐம்பது பேரையும் அக்காலத்து ஆங்கிலேயர் எந்தச் சொல்லாற் குறித்தார்களோ, அந்தச் சொல்லையே நானும் போட்டிருந்தேன். ‘கூலி’ என்பதே அச்சொல்.

முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து தன் மொழிபெயர்ப்பை வாசித்தான். “ஐம்பது கூலிகள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மலையேறின.”

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. “தம்பி, ‘ஏறின’ என்று எழுதலாமா? ஆடு மாடுகளா ஏறின?” என்று கேட்டேன்.

அவன் தயங்கவில்லை. “சேர், கூலி அஃறிணைச் சொல்தானே? ‘கூலி கிடைத்தது’ என்றுதானே சொல்கிறோம்? ‘கூலி கிடைத்தார்’ என்று சொல்வதில்லையே!” என்றான்.

மறுபடியும் சிரிப்பு. ஆனால் கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வருபவன் அவன். மணி அடித்து எல்லோரும் போன பின்னர், என் மேசையருகே வந்து நின்றான். “சேர், அந்த ஐம்பது பேரில் எங்கள் ஆட்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு பெயர் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டான்.

ஒருவன் கேட்டது இலக்கணக் கேள்வி. மற்றவன் கேட்டது மனத்தின் கேள்வி. வீடு திரும்பும் வழியெல்லாம் இரண்டையும் எண்ணிக்கொண்டே நடந்தேன். இரண்டும் ஒரே கேள்வி என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று. அதனை வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழிற் கூலி

தமிழிற் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பொருள். அதிலே இழிவு ஏதும் இல்லை. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், உடல் வருந்த முயன்றவன் பெறும் பயனை இச்சொல்லாலேயே குறிக்கிறார். விதியே குறுக்கே நின்றாலும் முயற்சி வீண்போகாது என்னும் உயர்ந்த கருத்தைத் தாங்கி நிற்கும் பெருமை இதற்கு உண்டு.

நகைக்கடையிற் ‘செய்கூலி’ என்கிறோம். சந்தையில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்கிறோம். நம்மைச் சூழ வாழும் சிங்கள மக்களும் வீட்டு வாடகையைக் ‘குலிய’ என்பார்கள். இவை எல்லாவற்றிலும் கூலி என்பது கொடுக்கப்படும் பொருளே. அதனை வாங்கும் மனிதரைச் சொல்ல வேண்டுமானால், தமிழ் இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளும். கூலியாள், கூலிக்காரர் என்பன அவ்வாறு பிறந்தவை. ஆளை ஆளாகவும் கூலியைக் கூலியாகவும் பிரித்தே வைத்தது நம் மொழி. மக்களை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் வகுத்துக்கொண்டுதான் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே தொடங்குகிறது.

திருவிளையாடற் புராணத்தில் வரும் வந்தியின் கதை நம் பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. வைகை பெருக்கெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு ஆள் துணை இல்லை. சிவபெருமான் கூடையும் மண்வெட்டியுமாகக் கூலியாள் வடிவில் வந்தார். உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டார். வேலை நடக்கவில்லை என்று சினந்த அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அங்கு நின்ற அனைவர் முதுகிலும் விழுந்தது. மண் சுமப்பவன் முதுகில் விழும் அடி நம் எல்லோர் முதுகிலும் விழும் அடி என்று நம் முன்னோர் கதையாகச் சொல்லி வைத்தார்கள்.

ஆங்கிலத்துக்குப் போன வழி

இத்தகைய சொல் எப்படி ஆங்கிலத்திற் போய் மனிதரின் பெயராயிற்று? யூல், பர்னெல் என்னும் இருவர் 1886 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்னும் அகராதி, கீழ்த்திசை நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சு வழக்கில் ஏறிய சொற்களைத் தொகுத்துத் தருகிறது. கூலி என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் குஜராத்துப் பக்கத்துக் கோலி என்னும் மக்களின் பெயராக இருக்கலாம் என்பது அவ்வகராதியின் கருத்து. நம் தமிழ்க் கூலியையும் அது குறிப்பிடாமல் விடவில்லை. மேற்குக் கரையில் ஒரு குலத்தின் பெயராக வழங்கிய சொல்லும், தென்னாட்டில் ஊதியத்தைக் குறித்த சொல்லும் ஒலியால் ஒன்றுபட்டு, போர்த்துக்கேயர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் கலந்துவிட்டன போலும்.

ஆகவே இது முழுக்க முழுக்க நம் சொல் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆங்கிலேயர் இச்சொல்லை உச்சரித்த போதெல்லாம், அதைக் கேட்ட தமிழர் காதில் தம் சொந்த மொழியின் சொல்லாகவே அது விழுந்தது. பகலெல்லாம் உழைத்து மாலையில் அவர்கள் பெற வேண்டிய பொருளின் பெயரே அவர்களை அழைக்கும் பெயராயிற்று.

சீனருக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதே. அவர்களுடைய மொழியில் இச்சொல்லை எழுதத் தேர்ந்துகொண்ட இரண்டு எழுத்துகளுக்குக் ‘கசப்பான வலிமை’ என்று பொருள். ‘கூலி’ என்பதற்கு அகராதிகள் தரும் விளக்கங்களிலெல்லாம் உண்மைக்கு மிக நெருங்கியது இந்தச் சீன எழுத்துகளே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மலைநாட்டு வழக்கு

இனி நம் கண்டிக்கு வருவோம். 1820 களில் கம்பளை, கண்டிப் பகுதிகளிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றத் தொடங்கின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை கடந்து இம்மலைகளுக்கு அவர்கள் நடந்தே வந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். 1867 ஆம் ஆண்டிலே கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். பின்னர் இலைநோயாற் கோப்பி அழிய, மலையெங்கும் தேயிலை படர்ந்தது.

இவ்வளவு காலமும் அரசாங்கப் பத்திரங்களிலும் தோட்டக் கணக்கேடுகளிலும் இம்மக்களுக்கு இருந்த பெயர் ஒன்றுதான். வெறும் கொச்சைப் பேச்சாக இருந்தது சட்டத்திலும் ஏறியது. இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த ‘இந்தியக் கூலிகள்’ பற்றிய சட்டம் என்றே 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தலைப்பிடப்பட்டது. அவர்கள் வாழ்ந்த லயங்களும் ஆங்கிலத்தில் அப்பெயரையே முன்னொட்டாகச் சுமந்தன. கங்காணி, துண்டு முதலிய தமிழ்ச் சொற்களும் அவ்வாறே துரைமாரின் ஆங்கிலத்தில் ஏறின. துண்டு என்பது தொழிலாளர் பட்ட கடனைக் குறித்த சீட்டு. அந்தக் கடனைத் தீர்ப்பவரே அவரை அடுத்த தோட்டத்துக்கு அழைத்துப் போகலாம் என்ற வழக்கம் 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிந்தது.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். தோட்டத்து மக்களின் பேச்சில், ஒரு நாள் வேலையைச் செக்ரோலிற் பதிவதற்குப் ‘பேர் போடுவது’ என்று பெயர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்து, பாதிச் சம்பளமே பதியப்பட்டால் அது ‘அரைப் பேர்’. துரையின் மொழியிற் கூலி என்பது ஆளின் பெயராயிற்று. தொழிலாளியின் மொழியிற் பேர் என்பதே கூலியாயிற்று. மாலையிற் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு தாய், “இன்றைக்கு எனக்கு அரைப் பேர்தான்” என்று சொல்லும்போது, அவர் சம்பளத்தைப் பற்றி மட்டுந்தான் பேசுகிறாரா என்று எண்ணத் தோன்றுகிறது.

கடல் கடந்த அவமதிப்பு

இந்த அவமதிப்பு இம்மலைகளோடு நின்றுவிடவில்லை. மொரீஷியஸ், டிரினிடாட், கயானா, பீஜி, தென்னாபிரிக்கா என்று கரும்புத் தோட்டம் இருந்த இடமெல்லாம் நம்மவர் போனார்கள். இச்சொல்லும் உடன் போயிற்று. அங்கெல்லாம் அது தொழிலின் பெயராகவும் நிற்கவில்லை. வணிகரானாலும் வழக்குரைஞரானாலும் இந்தியராய்ப் பிறந்தவர் யாவருக்கும் அதுவே வசைப்பெயர் ஆயிற்று.

1893 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்கா சென்ற காந்தியடிகளுக்கும் ‘கூலி பாரிஸ்டர்’ என்ற பட்டம் கிடைத்தது. தம் சுயசரிதையில் அவர் இதனோடு இன்னொரு செய்தியையும் எழுதுகிறார். அங்கே தமிழர் பலருடைய பெயர்கள் ‘சாமி’ என்று முடிவதைக் கண்ட வெள்ளையர், இந்தியரையெல்லாம் இகழ்ச்சியாகச் ‘சாமி’ என்று அழைத்தார்களாம். துணிவும் நகைச்சுவையும் உள்ள இந்தியர் சிலர், சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் அல்லவே என்று திருப்பிச் சொல்வார்களாம். பொருளை அறிந்தவன் வசையையும் திருப்பி அனுப்பிவிடுகிறான்! அந்தக் காந்தியடிகள் 1927 நவம்பரிலே நம் கண்டிக்கும் வந்து போனார்.

மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயியில், ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியத் தொழிலாளரின் வரவோடு தொடர்புபட்ட இறங்குதுறை ஒன்று உண்டு. மக்கள் வழக்கில் அது ‘கூலி காட்’ எனப்பட்டது. ‘காட்’ என்பது படித்துறை. பின்னாளில் அந்நாட்டார் அதனை ‘ஆப்ரவாசி காட்’, அதாவது குடிவந்தோர் துறை என்று மாற்றினர். 2006 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. கல்லும் படிகளும் பழையவை; பெயர் மட்டும் புதிது. ஆனால் தம் பாட்டன் இறங்கிய துறையின் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்ல அந்தப் புதுப்பெயர் உதவுகிறது.

பெயர் மாறிய வரலாறு

நம் நாட்டிலும் பெயர் மாறியது. ஆனால் அதை யாரும் தாமாக மாற்றிக் கொடுக்கவில்லை. தொழிலாளரே கேட்டுப் பெற்றனர். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் தலைப்பிலே ‘இந்தியக் கூலி’ இல்லை. ‘இந்தியத் தொழிலாளர்’ வந்துவிட்டார். 1931 ஆம் ஆண்டிலே கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் கண்டார். 1939 ஆம் ஆண்டில் நேரு இலங்கைக்கு வந்தபோது தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1950 ஆம் ஆண்டிலே இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் பூண்டது.

மடகும்புரத் தோட்டத்திற் பிறந்து ஆசிரியராகிய சி. வி. வேலுப்பிள்ளை, 1947 ஆம் ஆண்டிலே தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். துரைமாரின் மொழியாகிய ஆங்கிலத்திலேயே தம் மக்களின் வாழ்வை எழுதினார். அவர்கள் வாய்ப்பாடல்களையும் தொகுத்தார். அடுத்த ஆண்டிலே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு நாடுகளும் பேசி முடித்தன. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது.

பெயர் வெறும் பெயர்தானே என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். ‘ஐம்பது கூலிகள்’ என்று எழுதப் பழகிய கை, ‘5,25,000’ என்று எழுதவும் கூசவில்லை.

இன்று அம்மக்கள் தமக்குத் தாமே விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயர் மலையகத் தமிழர் என்பது. இருநூறு ஆண்டு வாழ்வை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடந்தபோது அவர்கள் தாங்கிச் சென்ற பெயரும் அதுவே. 

எப்படிச் சொல்வது?

சரி, மாணவர்கள் என்ன சொல்ல வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்? என் அனுபவத்திற் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆங்கிலம் பேசும்போதும் எழுதும்போதும் எவரையும் ‘கூலி’ என்று குறிப்பிடலாகாது. வேடிக்கைக்காகவும் வேண்டாம். புகையிரத நிலையத்திற் சுமை தூக்குபவர் ‘போர்ட்டர்’. கட்டட வேலை செய்பவர் ‘லேபரர்’ அல்லது ‘வேர்க்கர்’. தோட்டத்தில் வேலை செய்பவர் ‘எஸ்டேட் வேர்க்கர்’. 2016 ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே கூட, தன் நிலையங்களிற் சுமை தூக்குவோர் இனிச் ‘சகாயக்’, அதாவது உதவியாளர் என்று அழைக்கப்படுவர் என அறிவித்தது.

இரண்டாவது, தமிழில் இயன்றவரை தொழிலின் பெயரைச் சொல்லுங்கள். கொழுந்து பறிப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், சுமை தூக்குபவர், கொத்தனார், தோட்டத் தொழிலாளி என்று எத்தனையோ சொற்கள் உள்ளன. செடியின் எந்தக் கிளையை விட்டு எதை வெட்டுவது என்று அறிந்த கவ்வாத்துக்காரரின் திறமை கூலி என்ற சொல்லில் மறைந்துபோகும்.

மூன்றாவது, ‘கூலி வேலை செய்கிறேன்’ என்று ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னால் அதில் வெட்கப்பட ஏதும் இல்லை. அதனைத் திருத்தப் போவதும் அதிகப்பிரசங்கித்தனம். ‘அவர் நாட்கூலிக்கு வேலை செய்கிறார்’ என்பதும் குற்றமற்ற தமிழே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் பெறுவது வேதனம். ஆசிரியனாகிய நான் பெறுவது சம்பளம். மண் வெட்டுபவர் பெறுவது மட்டும் கூலி என்று பிரித்து வைத்தவர் யார்? அவரவர் உழைப்புக்கு அவரவர் பெறும் ஈடுதானே மூன்றும்!

நான்காவது, வரலாற்றை எழுதும்போது பழைய பத்திரங்களில் உள்ள சொல்லை அழித்துவிட வேண்டாம். மேற்கோட் குறிக்குள் அப்படியே காட்டுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்திலே ‘தொழிலாளர்’ என்று எழுதுங்கள். பழைய குற்றத்தை மறைப்பதும் தவறு. அதனைத் திருப்பிச் செய்வதும் தவறு.

ஐந்தாவது, இதுவே மிக முக்கியமானது. ஆங்கிலேயரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க முடியாது. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை இந்நாட்டில் உண்டாக்கியவர் வெள்ளைத்துரை அல்லர். தமிழரே தமிழரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. இன்றும் சில பாடசாலை விடுதிகளிலும் சில கலியாண வீடுகளிலும் தாழ்ந்த குரலில் அது ஒலிக்கக் கேட்கிறோம். மலையகத் தமிழருள் இன்று ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர், பல்கலைக்கழகப் பேராசிரியர் எனப் பலரும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரு தொழிலுக்குள்ளும் ஒரு வசைக்குள்ளும் அடைப்பது அறியாமை. தேயிலைத் தோட்டத்திலேயே உழைப்பவராயினும் அந்த வசைக்கு அவர் உரியவர் அல்லர்.

மாணவர்கள் என்னிடம் ஒரு தடை எழுப்பினார்கள். “சேர், 2025 இல் வந்த ரஜினிகாந்தின் படத்துக்கே ‘கூலி’ என்றுதானே பெயர்?” என்றார்கள். நியாயமான தடைதான். உழைப்பவன் தன் சொல்லைத் தானே எடுத்து நெற்றியிற் சூடிக்கொள்வது ஒரு வீரம். மொரீஷியஸ் கவிஞர் கால் டொராபுல்லி 1990 களில் ‘கூலித்யூட்’ என்று ஒரு கொள்கையையே வகுத்து, அச்சொல்லைப் பெருமையின் கொடியாக உயர்த்தினார். ஆனால் அந்த உரிமை அடி வாங்கியவருக்கே உண்டு. அடித்த கைக்கும், வேடிக்கை பார்த்து நின்ற நமக்கும் அது இல்லை. 

சொல் இடத்துக்கு இடம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு இன்னுமொரு சான்று தருகிறேன். தமிழ்நாட்டிலே நாட்டாமை என்றால் ஊருக்கு நீதி சொல்லும் தலைவர். கொழும்புப் புறக்கோட்டையிலே நாட்டாமை என்றால் மூட்டை சுமப்பவர். ஒரே சொல்லுக்கு அங்கே சால்வை, இங்கே சாக்கு! ஆகவே சொல்லை மாற்றிவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘தொழிலாளர்’ என்று மரியாதையாக அழைத்துவிட்டு, ‘அரைப் பேர்’ போடுவதை நிறுத்தாவிட்டால் அந்த மரியாதை வெறும் வாயுபசாரம். நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கும்படி தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்காகப் போராடிய பின்னரே 2021 ஆம் ஆண்டில் அது கிடைத்தது. பெயரும் வேண்டும், கூலியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறக்கச் செய்யலாகாது.

ஆச்சி சொன்ன பாடம்

இத்தனையும் எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லேன். எனக்கு ஏழு வயது இருக்கும். கண்டி நகரத்தில் எங்கள் வீட்டுக்கு மாதந்தோறும் விறகு கொண்டுவந்து பிளந்து கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாட் காலையில் அவர் வாசலில் நிற்பதைக் கண்டு, உள்ளே ஓடி, “ஆச்சி, கூலி வந்திருக்கு!” என்று கத்தினேன். பெரியவர்கள் சொல்லக் கேட்டுப் பழகிய சொல்தான் அது.

குசினியிலிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்து வாசலை மிதியாதவர் அவர். “கூலி என் முந்தானையில் முடிஞ்சு கிடக்குது. வாசலில் வந்திருக்கிறது யார்? போய் அவர் பேரைக் கேட்டுக்கொண்டு வா” என்றார்.

நான் வாசலுக்குப் போனேன். அத்தனை மாதங்களாக எங்கள் அடுப்பு எரியக் காரணமாயிருந்த அந்த மனிதரின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பெயர் இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஆயினும் ஆச்சியின் பாடத்தை இடையிலே மறந்துபோய், என் கையாலேயே அந்தப் பந்தியை எழுதி வகுப்பிற் கொடுத்தேனே என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் வகுப்பிற் பழைய பந்தியையே மீண்டும் எடுத்தேன். ‘ஏறின’ என்று எழுதிய மாணவனின் இலக்கணம் சரி என்று முதலிற் சொன்னேன். கூலி அஃறிணையே, அதை மனிதருக்குப் பெயராக்கினால் வாக்கியத்தில் வழு வரத்தான் செய்யும், வழு அவனுடைய தமிழில் இல்லை, நான் கொடுத்த சொல்லிலே இருக்கிறது என்று விளக்கினேன். பிறகு தெல்தோட்டை மாணவனை அழைத்து, கரும்பலகையில் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதும்படி கேட்டேன்.

அவன் சுண்ணக்கட்டியை எடுத்தான். சிறிது நேரம் யோசித்தான். பின்னர் நிதானமாக எழுதினான்:

“ஐம்பது தொழிலாளர் துரையின் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மலையேறினார்கள். அவர்களுடைய பெயர்களை எழுதியவர் கேட்கவில்லை.”

இரண்டாவது வாக்கியம் மூலத்தில் இல்லை. மொழிபெயர்ப்பிலே மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது பிழை என்று இருபது ஆண்டுகளாகப் போதித்து வருபவன் நான். அன்று மட்டும் அவனுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.